ஆறாவது பெட்டி

ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க போனை எட்டிப் பாக்கோணும்னு பாக்கலை. பக்கத்துல உக்காந்திருக்கறதால கண்ணு போயிருச்சு. சூலூர் தாண்டுனதுல இருந்து நீங்க அதைத் தட்டிக்கிட்டே இருக்கறீங்க. கீழே ஒரு பட்டன் இருக்குதுங்க, 'உறுதி செய்'னு. உங்களுக்குத் தெரியாது, மறைஞ்சு கெடக்குது. விரலை வெச்சு மேல தள்ளுங்க. இன்னும். இன்னுங் கொஞ்சம். வந்துருச்சுங்களா? அதேதான், அமுக்குங்க. மருந்து நாளைக்கு ஊட்டுக்கே வந்துரும்.

உங்க மேல தப்பில்லைங்க. உங்களுக்குச் செல்லு பாக்கத் தெரியலைன்னு ஆராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆப் எழுதுனவன் தன்ற போன்ல பாத்திருப்பான், அதுல ஜம்முனு தெரிஞ்சிருக்கும், சரின்னு உட்டுட்டான். நீங்க எழுத்தெல்லாம் பெருசா வெச்சிருக்கறீங்க. மக வெச்சுக் குடுத்துச்சுங்களா? நல்லதுதான். ஆனா பெருசாக்குனா கீழே இருக்கறது ஒண்ணு காணாமப் போகும். அது ஆருக்கும் தெரியறதில்லை.

நான் இந்த வேலைதானுங்க பாக்கறேன். பேரு பூபதி. பீளமேட்டுல ஆபீஸ், போனுக்கு ஆப் எழுதறது. சொந்த ஊரு தாராபுரம், அங்கதான் போயிட்டிருக்கேன். நீங்களும் தாராபுரமா? அட, அப்ப கடைசி வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு.

சொல்றேன் கேளுங்க. ஒரு ஆப்பைத் தொறந்தா மொதல் வேலையா அது போன்கிட்டக் கேக்கோணும். 'நீ எவ்வளவு அகலம், எவ்வளவு உசரம்?'னு. போன் சொல்லும். அதை வாங்கிக்கிட்டு, அந்த எடத்துக்குத் தக்கன படம், எழுத்து, பட்டன் எல்லாத்தையும் பங்கு போட்டு வெக்கோணும். மூணு வரி புரோகிராமுங்க. எங்க வேலையில அரிச்சுவடியே அதுதான். எங்க ஆபீஸ்ல ஒரு அலமாரி நெறைய போன் கெடக்குது. குட்டைப் போன், நெட்டைப் போன், மடக்கற போன். போன வருசம் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆப் செஞ்சோம். அத்தனை போன்லயும் போட்டு, சீலையோட முந்தி வெட்டுப்படாம தெரியுதான்னு ஒண்ணொண்ணாப் பாத்தவன் நானு. அந்த முதலாளி என்ற கையைப் புடிச்சு, 'தம்பி, நீ பாத்தா போதும், நான் பாக்க வேண்டியதில்லை'ன்னாரு. அப்படிப்பட்டவனுங்க நானு.

அந்த மூணு வரியை ஒரே ஒரு ஆப்புல மட்டும் எழுதலை. எழுதற அவசியமே இல்லைங்க. முழுசாக் கேட்டீங்கன்னா நீங்களே சரீம்பீங்க.

எங்கப்பா நாச்சிமுத்து, கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவருகிட்ட ஒரு குணம். ஒண்ணு பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு, ஆஃப் பண்ணிருவாரு. டி.வி. பிடிக்கலையா, பட்டுனு ஆஃப். ஒருக்கா எங்க சித்தப்பனோட என்னமோ வாக்குவாதம். நேரா எந்திரிச்சுப் போயி மெயினை எறக்கிட்டு, கட்டில்ல படுத்துக்கிட்டாரு. சித்தப்பன் இருட்டுல செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுப் போனாரு. நான் கம்ப்யூட்டர் படிக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கு, என்ற தலைக்கு மேல ஓடுன ஃபேனை நிறுத்திட்டு வெளிய போயிட்டாரு. நானும் கரண்ட் ஆபீஸ் பரிச்சை எழுதோணும்னு அவருக்கு ஆசை. வேலை கெடைச்ச பொறவும் ஒறம்பரை சொந்தக்காரங்ககிட்ட, 'பையன் போன்ல பொட்டி பொட்டியா வரைஞ்சுக்கிட்டிருக்கான்'ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானுஞ் சிரிப்பேன். என்ன பண்றதுங்க, அப்பனாச்சே.

போன சித்திரையில பக்கவாதம் அடிச்சிருச்சுங்க. வலப்பக்கம் பூராவும் போயிருச்சு. பேச்சும் போச்சு. 'ஆ'ங்கற சத்தம் ஒண்ணுதான் மிச்சம். கோவமும் அதுதான், கெஞ்சலும் அதுதான். தண்ணி வேணுங்களா, திரும்பிப் படுக்கறீங்களா, ஃபேன் வேகமா வெக்கட்டுங்களான்னு எங்கம்மா ஒண்ணொண்ணாக் கேக்கும். தப்பாக் கேட்டா மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. கம்பத்து மேல நின்னுக்கிட்டு ஒரு தெருவுக்கே கேக்கற மாதிரி அதிகாரம் பண்ண மனுசன். பாக்க முடியலைங்க.

அப்பத்தான் செஞ்சேன். ஆரும் கேக்கலை, நானாச் செஞ்சேன். ஒரு ஆப். அதைத் தொறந்தா ஆறு பெட்டி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, அகலமா. தண்ணி, பசி, வலி, பாத்ரூம், ஃபேன். தண்ணிப் பெட்டியைத் தொட்டா 'தண்ணி வேணும்'னு போன் பேசும். என்ற கொரல்லதான் பதிஞ்சு வெச்சேன். ஆறாவது பெட்டியில என்ற போட்டோ. அதைத் தொட்டா எனக்கு நேரா போன் வந்துரும். இடது கை மட்டும் கொஞ்சம் வரும் அவருக்கு, அதுவும் நடுங்கும். விரல் பட்டு பெட்டியெல்லாம் மேலயும் கீழயும் இழுபடக் கூடாதுன்னு, ஸ்கிரீன் நகராம பூட்டி வெச்சேன். பாருங்க, எத்தனை ரோசனை பண்ணியிருக்கேன்னு.

அளவு விசயத்துக்கு வர்றேன். என்ற போன் என்ன மாடலோ அதே மாடல்ல அவருக்கு ஒண்ணு வாங்கிட்டேன். அதே கம்பெனி, அதே கலரு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா எது எதுன்னு தெரியாது. அப்பறம் எதுக்குப் போன்கிட்ட அளவு கேக்கோணும்? என்ற போன்ல அளந்து, அந்த நம்பரை அப்படியே எழுதிட்டேன். நீங்களே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

பல்லடம் வந்துருச்சு. சித்த இருங்க, இந்தம்மா எறங்கட்டும். காலை மடக்கிக்கங்க.

ஆங். வைகாசியில கொண்டுபோயிக் குடுத்தேன். கட்டில் பக்கத்துல உக்காந்து, அவரு விரலைப் புடிச்சு ஒவ்வொரு பெட்டியாத் தொட வெச்சேன். 'தண்ணி வேணும்'னுச்சு. போனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. கடைசிப் பெட்டியைத் தொட்டதும் என்ற பாக்கெட்டுல மணி அடிச்சுது. எடுத்து, 'அப்பா, சொல்லுங்க'ன்னேன். நேர்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் போன்ல. அவருக்கு ஒரு பக்கத்து வாய்தான் சிரிக்கும். சிரிச்சாருங்க. நான் செஞ்ச ஒரு பொருளைப் பாத்து அவரு சிரிச்சது அதுதான் மொதல் தடவை.

பொறவு தெனமும் போன் வரும். எடுத்தா 'ஆ'ம்பாரு. நான், 'சாப்ட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?'ம்பேன். 'ஆ'ம்பாரு. அம்மா பின்னால இருந்து, 'உன்ற சத்தம் ஊட்டுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்குது கண்ணு, நீ இங்கயே இருக்கறாப்பல இருக்குது'ங்கும். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நேரங்காலம் பாக்க மாட்டாருங்க. மீட்டிங்குல இருக்கறப்ப வரும். கிளையண்ட்டோட பேசறப்ப வரும். எடுத்தா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது, 'ஆ'தான். 'சரிப்பா, வேலையா இருக்கேன், பொழுதோட கூப்பிடறேன்'னு வெச்சிருவேன். பொழுதோட கூப்பிட்டனான்னா, வேலை அப்படிங்க. வேலையைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி மாசம் நின்னு போச்சுங்க. ஒரு நாளு வரலை, மறு நாளும் வரலை. சரி, அலுத்துப் போச்சாட்டம் இருக்குதுன்னு நெனைச்சேன். அவருக்கு எதுவும் சீக்கிரம் அலுத்துப் போகும்.

அம்மாவுக்கு அடிச்சுக் கேட்டேன். அது தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. 'கண்ணு, வெசனப்படாத. அப்பாவுக்கு அந்தப் போன் புடிக்கலையாட்டம் இருக்குது. தண்ணி கேக்கறதுக்கு மட்டும் தொடறாரு. மத்தபடி தொறந்து குடுத்தா மூடிடறாரு. மறுக்காத் தொறந்து குடுத்தா மறுக்கா மூடறாரு. என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டி, ஆ ஆன்னு கத்தறாரு'ன்னுச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லுங்க. ராப்பகலா உக்காந்து செஞ்சிருக்கேன். சம்பளத்துக்குச் செய்யலை, ஆசையாச் செஞ்சது. அதையும் ஆஃப் பண்றாரு. கை கால் போயும், பேச்சுப் போயும், அந்தக் குணம் மட்டும் போகலை பாருங்கன்னு நெனைச்சேன். 'சரி உடும்மா, வேண்டான்னா வேண்டாம்'னேன். 'அப்படிச் சொல்லாத சாமி, ஒரு நடை வந்து என்னன்னு பாத்துட்டுப் போ'ன்னுச்சு. வர்ற சனிக்கிழமை வர்றேன்னேன். சனிக்கிழமை ரிலீஸ் வந்துருச்சு. ரிலீஸ்னா, ஆப்பைப் புதுசா வெளிய உடறதுங்க. ஆபீஸை உட்டு நகர முடியாது.

ஆனா சும்மா இருக்கலைங்க நானு. அங்கிருந்தே ஆப்பை மாத்தி மாத்தி அனுப்பிச்சேன். கலரு புடிக்கலையோன்னு நீலத்தைப் பச்சையாக்குனேன். கொரலைக் கம்மி பண்ணேன். பெட்டிக்கு ஓரத்துல வட்டமா மூலை வெச்சேன். ஒவ்வொரு தடவையும் அம்மாகிட்ட, 'இப்ப மூடறாரா?'ம்பேன். 'மூடறாரு கண்ணு'ங்கும். கடைசியில அதுக்கே கோவம் வந்துருச்சு. 'புள்ளை எத்தனை பாடுபட்டுச் செஞ்சு குடுத்திருக்கான், உங்களுக்கு எப்பவும் இதே ஆங்காரந்தானுங்களா'ன்னு அப்பாவைத் திட்டிட்டு, போனை ஃபிரிட்ஜ் மேல எடுத்து வெச்சிருச்சு. தண்ணி கேக்கறதுக்குச் சாமி கும்பிடற மணியைக் கையில குடுத்திருச்சு. எங்கிட்டச் சொல்லுச்சு. நல்ல வேலை செஞ்சேன்னேன்.

தீபாவளிக்குப் போனேனுங்க. போகாம இருப்பனா? காலைல போயிட்டேன். அப்பா இளைச்சுப் போயிட்டாரு. கட்டில்ல சாச்சு உக்கார வெச்சிருந்தாங்க. நான் போயி நின்னதும் இடது கையைத் தூக்கித் தூக்கி ஃபிரிட்ஜைக் காட்டறாரு. 'ஆ... ஆ...'ங்கறாரு. ஜில்லுனு தண்ணி கேக்கறாருன்னு நெனைச்சு எடுத்துட்டுப் போயி வாயில வெச்சேன். தட்டி உட்டுட்டாரு. என்ற புதுச் சட்டையெல்லாம் தண்ணி. அம்மா, 'குளுந்த தண்ணி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு கண்ணு'ன்னு துண்டை எடுத்துட்டு வந்துச்சு. அவரு மறுக்காவும் ஃபிரிட்ஜையே காட்டறாரு. எனக்கும் கோவங்க. நல்ல நாளும் அதுவுமா, வந்தவனை இப்படியா? பலகாரம் தின்னுட்டு மத்தியானப் பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன். திரும்பிப் பாத்தேன்னு வெச்சுக்கங்களேன். அவரு என்னைப் பாக்கலை, ஃபிரிட்ஜைத்தான் பாத்துட்டிருந்தாரு.

கார்த்திகையில போயிட்டாரு. காலைல அம்மா இட்லி ஊட்டப் போயிருக்குது, வாயைத் தொறக்கலை. அவ்வளவுதான்.

இல்லீங்க, பரவால்லைங்க. கண்ணு வேர்க்குது. இந்தப் பஸ்ஸுல சன்னலும் தொறக்க மாட்டேங்குது.

கருமாதியெல்லாம் முடிஞ்சு ஒறம்பரை போன பொறவு, ஃபிரிட்ஜ் மேல அந்தப் போன் கண்ணுல பட்டுது. தூசி. எடுத்துத் துடைச்சு, சார்ஜ் போட்டு, அழிச்சு ஆருக்காச்சும் குடுத்தரலாம்னு ஆப்பைத் தொறந்தேன்.

அஞ்சு பெட்டிதானுங்க இருக்குது.

தண்ணி, பசி, வலி, பாத்ரூம், ஃபேன். எல்லாம் தாம்பாளமாட்டப் பெருசு பெருசா இருக்குது. ஆறாவதைக் காணோம். நல்லா உத்துப் பாத்தா, ஸ்கிரீனோட அடி ஓரத்துல கறுப்பா ஒரு கோடு, நூலளவு. அது என்ற தலைமயிருங்க. போட்டோவுல என்ற தலைமயிரு மட்டும் தெரியுது. மூஞ்சி, கண்ணு எல்லாம் கீழ போயிருச்சு. நகத்துறதுக்கும் வழியில்லை, நான்தான் பூட்டி வெச்சிருக்கேனே. அந்தக் கோட்டுக்கு ஒட்டுனாப்பல கீழதான் போனோட சொந்தப் பட்டன் இருக்கும்ல, வெளிய போறதுக்கு, வட்டமா. கோட்டைத் தொடலாம்னு விரலை வெச்சேன். வட்டத்துல பட்டு ஆப் மூடிக்கிச்சு. மறுக்காத் தொறந்தேன், வெச்சேன். மூடிக்கிச்சு. என்ற விரலு நடுங்காத விரலு, எனக்கே சிக்கலை.

அப்பத்தான் போன் கண்ணாடி மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பாத்தேன். மேல பூராவும் புதுசாட்டம் பளபளன்னு இருக்குது. அடி ஓரத்துல மட்டும் நகம் பட்டுப் பட்டு வெள்ளையாத் தேஞ்சு போயிக் கெடக்குது.

அவரு மூடலைங்க. ஒரு தடவை கூட மூடலை. என்னைக் கூப்பிட்டிருக்காரு. ஆடியில இருந்து என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு.

அந்தக் கட்டிலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். ஆம்பளை அழுகறானேன்னு பாக்காதீங்க, இன்னும் நெனைச்சா அப்படியே வந்துரும். நான் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்த அத்தனை நாளும் அந்த மனுசன் என்ற மயிரைப் புடிச்சு மேல இழுக்கப் பாத்திருக்காரு. முடியலை. ஒருத்தருக்கும் சொல்லவும் முடியலை. நேர்ல போயி நின்னப்ப, அந்தப் போனைக் கொண்டா, உன்னைக் காணோம்டா அதுலன்னு காட்டியிருக்காரு. நான் தண்ணி குடுத்தேன்.

ஆனா எப்படிப் பெருசாச்சு? அதே போனு, அதே மாடலு. அங்கதானுங்க விசயமே. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

'நாந்தான் கண்ணு. ஆடியில ரீசார்ஜ் பண்ணப் போனப்ப கடைக்காரருகிட்டக் குடுத்து, எல்லாத்தையும் பெருசா வெச்சுக் குடுங்கன்னேன். அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. பொரை விழுந்து போச்சு. தண்ணிக்குப் பதிலா வலியைத் தொட்டுடறாரு, ஒண்ணும் இல்லாததுக்கு நான் பதறிப் போயி ஓடி வர்றேன். அதான்'னுச்சு.

'கண்ணு தெரியலைன்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?'ன்னேன்.

'சொன்னேனே சாமி. எத்தனையோ தடவை சொன்னேன். சரி சரின்னியே'ன்னுச்சு.

சொல்லியிருக்கும், இல்லீங்கலை. நான் ஊட்டுக்குப் பேசறப்ப லேப்டாப்பையும் பாத்துக்கிட்டுத்தான் பேசறது. அது வேறங்க. கண்ணு தெரியலைங்கறது வேற, செட்டிங்ஸைத் தொடறது வேற. அதைத் தொட்டா ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லீங்களா? அந்தக் கடைக்காரனாச்சும் எல்லாப் பெட்டியும் தெரியுதான்னு பாத்திருக்கோணும். போன் கம்பெனிக்காரனையும் சொல்லோணும், கண்ணாடி அதே கண்ணாடி, ஆனா பெருசாக்குனா போன் தன்னையவே சின்னதா நெனைச்சுக்கும். ஆளாளுக்கு ஒண்ணு பண்ணிப்போட்டாங்க.

அம்மாவுக்கு மொதல்ல விளங்கலை. பொறுமையாத்தானுங்க சொன்னேன், கத்தலை. 'அம்மா, எலை அதே எலைதான். சோத்தையும் பொரியலையும் கரண்டி கரண்டியா அள்ளி வெச்சா, கடைசியில அப்பளத்துக்கு எடமில்லாம எலையை உட்டு வெளிய உழுகுதுல்ல? அப்படித்தான். நீ பெருசாக்குனே, நான் வெளிய போயிட்டேன்'னேன்.

'அப்ப அவரு மூடலையா?'ன்னுச்சு.

'மூடலைம்மா. என்னைக் கூப்பிட்டிருக்காரு.'

'நான் திட்டுனனே கண்ணு அவரை. ஃபிரிட்ஜ் மேல எடுத்து வெச்சுட்டனே.'

'ஆமா, வெச்சே'ன்னேன். 'புரிஞ்சுதாம்மா?'ன்னு கேட்டேன். 'புரிஞ்சுது கண்ணு'ன்னுச்சு. உள்ள போயி எனக்குக் காப்பி வெச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. நானும் அன்னைக்குப் பொழுதோட கெளம்பிட்டேன், லீவு முடிஞ்சு போச்சு.

குண்டடங்களா இது? அப்ப இன்னுங் கொஞ்ச தூரந்தான்.

அதுக்கப்புறம் என்னாச்சுங்கறீங்களா? அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். அம்மா போன் எடுக்க மாட்டேங்குது. மணி முழுசா அடிச்சு நிக்குது. தெனமும் அடிக்கறேன், காலைலயும் பொழுதோடயும். அப்பா இருந்தப்பக் கூட இத்தனை தடவை அடிச்சதில்லை. ஒடம்புக்கு ஏதாச்சுமோன்னு பக்கத்து ஊட்டு தெய்வாத்தா அக்காவுக்கு அடிச்சுக் கேட்டேன். 'நல்லாத்தானே இருக்குது, இப்பத்தான் கோயில்ல பாத்தேன். போன் இடுப்புலதான் சொருகியிருந்துச்சு'ங்குது.

அப்பறம்தானுங்க எனக்கு மண்டையில தட்டுச்சு. அதுவும் இதே பிரச்சனைதான். அம்மா தன்ற போன்லயும் எழுத்தைப் பெருசா வெச்சிருக்கும். போன் வந்தா எடுக்கற பச்சைப் பட்டன் கீழ மறைஞ்சிருக்கும். மணி மட்டும் கேக்கும், எடுக்கத் தெரியாது. பாவம், ஆருகிட்டக் கேக்கும்?

அதான் இந்தப் பையில புதுப் போன் வாங்கிட்டுப் போறேன். பாருங்க, எத்தனை பெரிய ஸ்கிரீன். நம்ம ஆப்பும் இதுல இருக்குது. இப்ப மூணு வரியும் எழுதிட்டேன். எந்தப் போன்ல போட்டாலும் மொதல்ல அளவு கேக்கும், எழுத்தைப் பெருசாக்குனாலும் மறுக்காக் கேட்டுக்கும். ஆபீஸ் அலமாரியில இருக்கற அத்தனை போன்லயும் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுல கூட என்ற மூஞ்சி மறையலை. புதுச் சிம்மும் போட்டாச்சு. குடுத்து, செட் பண்ணிட்டு, மத்தியானப் பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். நாளைக்கு ரிலீஸ்.

கோவமா? எங்கம்மாவுக்கா? சேச்சே. அதுக்குக் கோவமே வராதுங்க. வந்தா போனை எடுத்துத் திட்டியிருக்குமே.

என்னங்க சொல்றீங்க? இந்தப் புது நம்பர்ல இருந்தா? அதுல என்னங்க வித்தியாசம்? பட்டன் தெரியலைன்னா எந்த நம்பர்ல அடிச்சாலும் தெரியாதுதானே. சரி, நீங்க பெரியவங்க சொல்றீங்க. ஒருக்கா அடிச்சுப் பாத்துட்டாப் போச்சு. சித்த இருங்க.

அடிக்குது.

...

எடுத்துருச்சுங்க.

ரெண்டாவது மணி கூட முழுசா அடிக்கலை. 'அலோ, ஆருங்க?'ன்னுச்சு. நல்ல கொரல். ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பட்டனெல்லாம் நல்லாத் தெரியுதுங்க அதுக்கு. நான் பேசலை. பேசோணும்னுதான் வாயைத் தொறந்தேன், ஒண்ணும் வரலை. 'ஆருங்க? பேசுங்க, சத்தம் கேக்கலை'ன்னுச்சு. 'பஸ்ஸுல இருக்கறீங்களாட்டம், எரைச்சலா இருக்குது, மெதுவாச் சொல்லுங்க, நான் இருக்கறேன்'னுச்சு. வெக்கவே இல்லீங்க. ஆரோ ஒரு தெரியாத ஆளுக்கு எத்தனை பொறுமையாக் காத்துக்கிட்டு நின்னுச்சு. நான்தான் வெச்சுட்டேன்.

அப்ப என்ற பேரு தெரியுது அதுல. தெரிஞ்சுதான் எடுக்கலை.

நான் அப்பளக் கதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டியதில்லைங்களா? புரியாமயே இருந்திருக்கும். அவருக்குப் பிடிக்கலைன்னு நெனைச்சுக்கிட்டே இருந்திருக்கும். இல்லீங்களா?

சொல்லுங்க.

தாராபுரம் வந்துருச்சு. எல்லாரும் எந்திரிக்கறாங்க. இருங்க, உங்க பையை நான் எடுத்துத் தர்றேன். நீங்க அவசரமாப் போகோணுங்களா? இல்லீன்னா எங்க ஊடு வரைக்கும் சித்த வாங்களேன். பக்கந்தான், நடந்தே போயிரலாம். கதவைத் தட்டுனா உள்ள இருந்து 'ஆருங்க?'ன்னு கேக்கும். நீங்க முன்னால நின்னு பேசுங்க. நான் பின்னால நிக்கறேன். கதவைத் தொறக்கற வரைக்கும் இருந்தாப் போதுங்க.